உம்மாவின் ஸ்டோருக்கு ரிமோட் கதவு

படிப்பை முடித்து ஊருக்கு வந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை ஸ்டோர்க் கதவைத் தள்ளித் திறப்பதும் திரும்பச் சாத்துவதும்தான். உம்மா உள்ளே இருந்து "மனே" என்று ஒரு குரல் கொடுப்பார். நான் எங்கே இருந்தாலும் போய்த் தள்ள வேண்டும். அரிசி வந்தால் திறக்க வேண்டும். விறகு வந்தால் திறக்க வேண்டும். உம்மா தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கக் கிணற்றடிக்குப் போனால் திறக்க வேண்டும். இடையில் கிடைக்கும் நேரத்தில் போனை எடுத்து, அரசாங்க வேலை நியமனம் பற்றி ஏதும் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வந்திருக்காது. செருப்பை மாட்டிக்கொண்டு ஒழுங்கையால் நடந்து தெரு முனைவரை போவேன். கடற்கரைப் பக்கம் திரும்புவதா, சந்திப் பக்கம் திரும்புவதா என்று தெரியாமல் அங்கேயே நிற்பேன். அதற்குள் உம்மாவின் குரல் வந்துவிடும்.

எங்கள் வளவில் முன்னால் நிற்கும் கல்வீடு என் அக்காவான ராத்தாவுடையது. கல்முனைப் பக்கத்து ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ராத்தாவின் கலியாணம் முடிந்த கையோடு மச்சான் முன் வாசலால் வந்தார், நாங்கள் பின் வாசலால் வெளியேறினோம் என்று வாப்பா பகிடியாகச் சொல்வார். வெளியேறி வந்தது தூரத்துக்கு அல்ல. வளவின் பின்புறம் இருந்த நெல் ஸ்டோரை ஒட்டி இரண்டு அறைகள் இறக்கி, அதில் இருந்தோம். பெரும்போக நெல் வந்தால் ஸ்டோர் மூடைகளால் நிரம்பும். நெல் போனதும் அது உம்மாவின் இடமாகிவிடும். அங்கேதான் இடியப்ப மா வறுத்து ஊருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ராத்தாவின் வீட்டுச் சுவரில் பாதி அந்த மாவில் எழும்பியது.

ஸ்டோரின் கதவு பின் ஒழுங்கையைப் பார்த்திருக்கும். உழவு மெஷின் பெட்டியோடு நுழையக்கூடிய அகலம். மரச்சட்டத்தில் தகரம் அடித்து, மேலே இரும்புத் தண்டவாளத்தில் சில்லுகளால் தொங்கவிட்ட இழுவைக் கதவு. கடல் கிட்ட இருப்பதால் உப்புக்காற்று சில்லுகளைத் தின்றுவிட்டிருந்தது. தள்ளினால் கதவு கத்துகிற கத்து ஒழுங்கை முனைவரை கேட்கும். அந்த ஒழுங்கையால்தான் ஆண்கள் பள்ளிக்குத் தொழப் போவதும் வருவதும். ஆகவே மா வறுக்கும்போது கதவு சாத்தியே இருக்கும். உள்ளே உம்மாவும், பக்கத்து வளவில் இருந்த எனக்குச் சாச்சி, சின்னம்மா முறையான ஒருவரும், சாச்சியின் மகளும் இருப்பார்கள். புகை கூரைக்கும் சுவருக்கும் இடையால் போய்விடும். சூடு போகாது. மூன்று பேரும் முக்காட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். வெளியே இருந்து கேட்டால் சிரிப்புச் சத்தம் வரும். நாங்கள் உள்ளே போனால் அது நின்றுவிடும்.

உம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து தோள்மூட்டு இறங்கிய பிறகுதான் கதவு ஒரு பிரச்சினையாகியது. இறங்கிய தோள்மூட்டை ஏற்றிக் கட்டிவிட்ட டொக்டர், பாரம் தள்ளவோ இழுக்கவோ கூடாது என்று சொல்லி அனுப்பினார். மாவைக் கிண்டுவதைச் சாச்சி பார்த்துக்கொண்டார். அரிப்பது, பதம் பார்ப்பது, கட்டுவது எல்லாம் உம்மாவால் ஏலும். கதவுதான் ஏலாது. அதற்குத்தான் என்னைக் கூப்பிடுவார்.

வாப்பா இதற்காகவே காத்திருந்தவர் போல இருந்தார்.

"கதவத் தள்ள ஏலாத ஆளுக்கு ஸ்டோர் என்னத்துக்கு? சம்மாந்துற யாவாரி நெல் போட இடம் கேக்காரு. வருசம் முழுக்க அவருக்கே குடுத்துட்டா நீ நிம்மதியா இரிக்கலாம்."

"நான் இப்ப நிம்மதி இல்லாம இரிக்கன் எண்டு ஆரு சொன்ன?" என்றார் உம்மா.

"பள்ளியில கேக்காங்க புள்ள. மகன் கெம்பஸ் முடிச்சிட்டான், இன்னும் உம்மா மா வறுக்காவா எண்டு."

"அவங்க வீட்டு இடியப்பம் என்ன மாவுல அவியிற எண்டும் கேட்டுப் பாருங்க."

பேச்சு அவர்களுக்கிடையில்தான். ஆனால் நான் அந்த இடத்தில் உட்கார முடியாமல் எழுந்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, பல்கலைக்கழகம்வரை போனவன் நான் ஒருவன். நான் படித்தது உம்மாவை ஸ்டோரிலிருந்து வெளியேற்றுவதற்கு ஒரு காரணமாகும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வியாபாரி வந்து இடத்தைப் பார்ப்பார் என்று வாப்பா சொல்லி முடித்தார்.

உம்மா என்னைத் தேடி அறைக்கு வந்தார். வாசற்படியில் நின்றபடி கேட்டார்.

"மனே, அந்தப் பெரிய வீடுகள்ள வாசல் கேற்று தானாத் திறக்குதே. அது நம்மட கதவுக்குச் சரிவராதா?"

எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் கட்டாரில் இருந்த ஒரு கூட்டாளியோடு போனில் பேசிப் பேசி, அங்கே வேலைக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்று அலைந்துகொண்டிருந்தேன். "சரிவரும் உம்மா" என்றேன். சரிவருமா என்று தெரியாது.

அக்கரைப்பற்றில் வெல்டிங் கடை வைத்திருந்த ஒருவன் என்னோடு படித்தவன். யாரோ வீட்டுக் கேற்றை மாற்றியபோது கழற்றிய பழைய மோட்டர் ஒன்று அவனிடம் கிடந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே எறும்புப் புற்று. சுத்தம் செய்து கரண்ட் கொடுத்ததும் சுற்றியது. பல்லுச் சட்டத்தையும் இரண்டு ரிமோட்டையும் சேர்த்து, மோட்டர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன்.

கேற்றுக்குச் செய்த மோட்டரைத் தொங்குகிற கதவுக்குப் பூட்டுவது நான் நினைத்ததுபோல் இல்லை. கேற்று நிலத்தில் ஓடும், பக்கவாட்டில் ஆடாது. எங்கள் கதவு மேலே மட்டும் பிடித்துக்கொண்டு கீழே காற்றில் ஆடும். மோட்டரின் பல்லுச் சில்லு, கதவின் அடிச்சட்டத்தில் பூட்டிய பற்களைக் கவ்வித் தள்ள வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற காலம். மத்தியானத்தில் காற்று தகரத்தைத் தள்ளியதும் பல்லும் பல்லும் விலகி, சில்லு சும்மா கடகடவென்று சுற்றியது.

வாப்பா கதிரையைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"என்ன இஞ்சினியர், மோட்டர் ஓடுது, கதவு நிக்குது?"

"காத்து தள்ளுது வாப்பா."

"காத்துக்கு நீ கெம்பஸ் எண்டு தெரியாது போல."

கதவின் அடியை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும்படி, நிலத்தில் சீமெந்து போட்டு இறப்பர் உருளைகள் நட்டேன். சீமெந்து இறுகும்வரை என்னால் வீட்டில் நிற்க முடியவில்லை. ஒலுவில் கடற்கரைவரை சும்மா போய், கடல் தின்றுவிட்ட கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். வந்ததும் விரலால் குத்திப் பார்த்தேன். இன்னும் இறுகவில்லை. மேலே இருந்த பழைய சில்லுகளையும் கழற்றி, போல்பெயாரிங் வைத்த புதிய சில்லுகள் பூட்டி, கிரீஸ் தடவினேன். அதைச் செய்தபோது எனக்குத்தான் எவ்வளவு திருப்தி. கதவு ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. வருடக்கணக்காக எங்கள் காதைக் கிழித்த கத்தல் போய்விட்டது.

ஒன்று மட்டும் உம்மாவுக்குப் பயமாக இருந்தது. "ஆரும் நடுவுல நிண்டா நசுக்கிப் போடாதா?"

கதவு எதிலும் முட்டினால் திரும்பிப் போகும்படி மோட்டரில் அளவு வைக்கலாம். முதலில் பிளாஸ்டிக் கதிரையை வைத்துப் பார்த்தோம். பிறகு நானே போய் நடுவில் நின்றேன். "கைய வெளிய எடு, கைய எடு" என்று உம்மா சொல்லிக்கொண்டே இருக்க, கதவு வந்து என் தோளைத் தொட்டது, ஒரு கணம் நின்றது, திரும்பிப் போனது.

பிறகு உம்மா ரிமோட்டை வாங்கினார். மாவுக்கையில் அழுக்காகிவிடும் என்று சொப்பிங் பேக் துண்டில் சுற்றி, முந்தானை நுனியில் முடிந்திருந்தார். பிஸ்மி சொல்லிப் பெருவிரலால் அழுத்தினார். கதவு திறந்தது. சாத்தினார். மறுபடி திறந்தார். சாச்சியும் மகளும் கைதட்டினார்கள். உம்மா என்னைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டு, "இனி உன்னக் கூப்பிட மாட்டன் மனே" என்றார். சந்தோசமாகத்தான் சொன்னார். நான் கையில் இருந்த கிரீஸைச் சாக்கில் துடைத்தேன்.

இரண்டாவது ரிமோட்டை வாப்பா எடுத்துக்கொண்டார். கேலி செய்தவரே அதைச் சாவிக்கொத்தில் கோர்த்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பகல் ளுஹர் தொழுதுவிட்டு வரும்போது, மோட்டர் சைக்கிளில் இருந்தபடியே ஒழுங்கை முனையில் அழுத்தினால், அவர் வாசலுக்கு வர முன்பே கதவு திறந்திருக்கும். ஆள் வைத்து வேலை வாங்குகிற பெரிய மனிசனுடைய களை அப்போது அவர் முகத்தில் இருக்கும். ஆனால் முதல் இரண்டொரு தடவை அவர் அழுத்தியபோது உள்ளே யாரும் இல்லை.

அன்று இருந்தார்கள்.

நான் அறையில் இருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கேட்கிற மாதிரி எதையும் நான் கதவில் விட்டு வைத்திருக்கவில்லை. முதலில் கேட்டது சாச்சியின் குரல்தான். "யா அல்லாஹ், கதவு, கதவு." நான் வெளியே ஓடினேன். ஒழுங்கை நிறையத் தொழுதுவிட்டு வந்தவர்கள். வாப்பா முனையில் மோட்டர் சைக்கிளை நிறுத்தி, பின்னால் இருந்தவருக்கு ரிமோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். கதவு விரியத் திறந்து கிடந்தது. சாச்சியின் மகள் வெறுந்தலையோடு சாக்குகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தாள். சாச்சி மா அரித்த துணியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். உம்மா ஒற்றைக் கையால் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகியிருந்தது. போனவர்கள் நல்லவர்கள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு விரைந்து போனார்கள். அவர்கள் அப்படிப் போனது இன்னும் கூச்சமாக இருந்தது. தாச்சியில் மா கருகிய மணம் வந்தது.

சாச்சி கொடியில் கிடந்த முக்காட்டை எடுத்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். என்னை ஏசவில்லை.

"ராத்தா, நாளைக்கி நாங்க வரல்ல" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் உம்மா தனியாக ஸ்டோரில் உட்கார்ந்து, நல்ல கையால் மா அரித்தார். கிண்ட ஆள் இல்லை. அடுப்பு மூட்டவில்லை. கலியாண வீடு ஒன்றுக்குச் சனிக்கிழமை மா கொடுக்க ஒத்துக்கொண்டிருந்தார். வாப்பா கதவடியில் நின்று, தன் பிழையை மறைக்கிற குரலில் சொன்னார்:

"இனி இது ஒண்டுதான் வழி. ஆக்களும் இல்ல. வெள்ளிக்கிழம அவரு வரட்டும்."

உம்மா அரிதட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் கதவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். கதவைத் திறக்கிற வேலையை நான் சரியாகச் செய்திருந்தேன். அது திறந்ததால்தான் உம்மாவின் ஸ்டோர் போகப்போகிறது. பழைய கதவு ஒரு சாண் திறக்க முன்பே அதன் கத்தல் உள்ளே இருப்பவர்களை எழுப்பிவிடும். அதற்கும் முன்பே, தள்ள வருகிறவன் செருப்பை இழுத்து நடப்பான், தொண்டையைச் செருமுவான், ஸலாம் சொல்வான். கதவை அளந்து படம் கீறியபோது மோட்டர், பற்கள், உருளைகள் எல்லாவற்றையும் கீறினேன். இதெல்லாம் கதவைச் சேர்ந்தது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சாச்சியின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று ஸலாம் சொன்னேன். கதவுச் சேலைக்குப் பின்னால் இருந்து பதில் வந்தது.

"சாச்சி, உள்ளுக்கு ஒரு பெல் பூட்டுறன். பெல் அடிச்சிக் கொஞ்சம் பொறுத்துத்தான் கதவு திறக்கும்."

"கொஞ்சமெண்டா எவ்வளவு?"

"நீங்க சொல்ற அளவுக்கு வைக்கலாம்."

"மா பதத்துக்கு வாற நேரம் அகப்பைய விட ஏலா தம்பி. முக்காட்டப் போட ரெண்டு கையும் வேணும். உன்ட பெல்லுக்கு மா விளங்குமா?"

உள்ளே இருந்து மகளின் குரல் வந்தது. "உம்மா, கதவுக்கு ஒரு முக்காட்டப் போட்டு உடச் சொல்லுங்க."

இருவரும் சிரித்தார்கள். பிறகு சாச்சி சிரிப்பை நிறுத்திச் சொன்னார்.

"ஆரும் வந்தா ஸலாம் சொல்றாங்க. நாங்க பதில் சொன்னா வாறாங்க. இல்லாட்டி போறாங்க. உன்ட கதவு பதில் கேக்கிற இல்லியே தம்பி. அதான் எங்களுக்குப் பயம்."

நான் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தேன். வயர்களை எல்லாம் கழற்றி நிலத்தில் பரப்பினேன். வாப்பாவின் ரிமோட் அழுத்தினால் மோட்டருக்குப் போகிற கரண்டை அறுத்து, உள்ளே புதிதாகப் பூட்டிய மணிக்குத் திருப்பினேன். உள்ளே அடுப்பிலிருந்து கைக்கெட்டும் இடத்தில் சுவரில் ஒரு சுவிட்ச் வைத்தேன். உள்ளே ஆள் இருக்கும்போது உம்மா அதைப் போட்டுவிட்டால், வெளியே எத்தனை தரம் அழுத்தினாலும் மணி மட்டும்தான் அடிக்கும். கதவு உம்மாவின் ரிமோட்டுக்குத்தான் திறக்கும். எல்லோரும் வெளியே போகும்போது சுவிட்சை நிறுத்தினால், பழையபடி வாப்பாவின் ரிமோட்டும் திறக்கும்.

உம்மா சுவிட்சைப் போட்டும் நிறுத்தியும் பார்த்தார். "அப்ப உங்கட வாப்பா?"

"அவரும் மணி அடிச்சிட்டு நிக்கணும்."

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா பயப்படுகிறாரா என்று தெரியவில்லை.

வாப்பாவிடம் நான் சொன்னபோது அவர் ரிமோட்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "என்ட ஸ்டோருக்கு நான் மணி அடிச்சிட்டு நிக்கிறதா?" என்றார். மாற்றித் தா என்று அவர் கேட்கவில்லை. எப்படியும் வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும் என்று நினைத்திருக்கலாம்.

சுவிட்ச் விசயத்தை உம்மா சொல்லியனுப்ப, வெள்ளிக்கிழமை சாச்சி வந்தார். "இண்டைக்கி மட்டும் பாக்கன்" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். சனிக்கிழமைக் கலியாண மா இருந்தது. ஜும்மா முடிந்து, சாப்பாடும் முடிந்த நேரம் வாப்பா வியாபாரியைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கையால் வந்தார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே நிற்க முடியாது, வேறெங்கும் நிற்கவும் முடியவில்லை.

"ஹாஜியார், இதுதான் கதவு. மகன் பூட்டின" என்றார் வாப்பா. அழுத்தினார். உள்ளே மணி அடித்தது. கதவு அசையவில்லை.

வியாபாரி வெள்ளைச் சட்டையின் கொலரை விரலால் இழுத்துவிட்டுக்கொண்டார். கச்சான் மண்ணை வாரி எங்கள் காலில் அடித்தது. வாப்பா இன்னொரு தரம் அழுத்தினார். மணி அடித்தது. உள்ளே அகப்பை தாச்சியில் உரசும் சத்தம் விடாமல் கேட்டது. மா பதத்துக்கு வருகிற நேரம் என்று எனக்குத் தெரிந்தது.

"கரண்ட் இல்லியா தம்பி?" என்று வியாபாரி என்னைக் கேட்டார்.

"இரிக்கி ஹாஜியார். உள்ளுக்கு வேல நடக்குது."

வாப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்றாம் தரம் அழுத்தினார். அவருடைய பெருவிரல் நகம் வெளுத்துப் போனது. மணி அடித்து ஓய்ந்தது. அவர் நினைத்தால் தகரத்தில் அடித்துக் கூப்பிட்டிருக்கலாம். உம்மாவின் பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டிருக்கலாம். கை தகரம்வரை போனதை நான் பார்த்தேன்.

"வேணாம் காக்கா" என்று வாப்பாவை அண்ணன் முறை சொல்லித் தடுத்தார் வியாபாரி. "உள்ளுக்குப் பொம்புளைகள் இரிக்காங்க போல. மூணு தரம் கேட்டாச்சி. வாங்க, போவம்."

"என்ட ஸ்டோர்தானே ஹாஜியார்."

"உங்கட ஸ்டோர்தான். உள்ளுக்கு நீங்க இல்லியே."

வீட்டுக்காரர் பதில் சொல்லாவிட்டால் மூன்றாம் ஸலாமோடு திரும்பிவிடுவது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை. அதைத் தாண்டி ஒரு ஹாஜியாருக்கு முன்னால் வாப்பாவால் கையை ஓங்க முடியவில்லை. கையை இறக்கி, ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டார். இருவரும் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். வாப்பாவின் செருப்பு இழுபடும் சத்தம் முனைவரை கேட்டது.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் கதவு சத்தமில்லாமல் திறந்தது. உம்மா முக்காடு போட்டிருந்தார். புருவத்தில் மா. பின்னால் சாச்சி வறுத்த மாவைப் படங்கில் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"போயிட்டாங்களா?" என்று உம்மா கேட்டார்.

"ஓம்."

"ஏசினாரா?"

"இல்ல."

உம்மா வாசலில் நின்று ஒழுங்கையை இரண்டு பக்கமும் பார்த்தார். கைக்குள் ரிமோட் இருந்தது.

வாப்பா அந்தி மஃரிப் தொழுதுவிட்டுத்தான் வந்தார். சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"எப்ப வந்தா உள்ளுக்கு வரலாம்?"

"மா எறக்கின பொறகு" என்றார் உம்மா. கொஞ்சம் பொறுத்து, "நீங்க வாறதெண்டா மணி அடிச்சிட்டுக் கொஞ்சம் நில்லுங்க. திறப்பன்" என்றார்.

வாப்பா சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தார். ஸ்டோரில் வேலை நடக்கிறது, வேறு இடம் பாருங்கள் என்று வியாபாரிக்குச் சொன்னார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "வீட்டுல உடுறாங்க இல்ல" என்றார். அதைச் சொன்னபோது சிரித்த மாதிரியும் இருந்தது.

திங்கட்கிழமை சாச்சி மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். இப்போது ஸ்டோருக்குள் பழைய சிரிப்பு கேட்கிறது. உப்புக்காற்று இறப்பர் உருளைகளின் ஆணியைத் தின்னத் தொடங்கிவிட்டது, அதை மாற்ற வேண்டும். நியமனம் இன்னும் வரவில்லை. கட்டார்க் கூட்டாளிக்கு நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ளுஹருக்குப் பிறகு மணி அடித்தால் என் கால் என்னைக் கேட்காமலே எழுந்துவிடுகிறது. வாசலுக்கு வந்து பார்ப்பேன். வாப்பா மோட்டர் சைக்கிளை நிறுத்தி இறங்கி, ஒழுங்கைக்கு முதுகைக் காட்டி, உள்ளே பார்வை படாதபடி கதவுக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டிருப்பார். கதவு திறக்கும்வரை நானும் உட்கார மாட்டேன்.